ரோட்டரி பம்ப் எண்ணெய் பால் போல வெளுக்கிறது: பம்பை மாற்ற வேண்டுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பக்கத்தில் சிறிய ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட். பழைய வேக்குவம் ஃபர்னஸ் (காற்றை வெளியேற்றிவிட்டுச் சூடேற்றும் உலை) ஒன்றை வாங்கி, டூல் ஸ்டீல் ஹார்டனிங்கும் கொஞ்சம் ஸ்டெயின்லெஸ் பிரேசிங்கும் (உருக்கிய உலோகத்தால் ஒட்டுவது) செய்கிறீர்கள். காற்றை முதலில் இழுக்க ரோட்டரி பிஸ்டன் பம்ப், அதற்கு வேகம் கூட்ட மேலே பூஸ்டர், கடைசி ஆழமான வேக்குவத்துக்குப் பக்கத்தில் டிஃப்யூஷன் பம்ப். மே மாதக் கடைசியிலிருந்து ரோட்டரி பம்ப் எண்ணெய் பத்தே நாளில் பால் நிறமாகிவிடுகிறது. மூன்று முறை மாற்றிவிட்டீர்கள். இருபது நிமிடத்தில் டிஃப்யூஷன் பம்புக்கு மாற்றிய உலை, இப்போது அந்த அழுத்தத்துக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. ஜாப் (உலையில் வைக்கும் பொருள்) வெள்ளையாக வராமல் நீலமும் பழுப்புமாக வருகிறது. மெக்கானிக் பம்ப் தேய்ந்துவிட்டது என்கிறார். உங்கள் கேள்வி: எந்த எண்ணெய் ஊற்றினால் தாங்கும், இல்லை பம்பையே மாற்றிவிடவா?

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உலையிலிருந்து என்ன வந்து எண்ணெயைக் கெடுக்கிறது என்பது ஒன்று. பம்பிலிருந்து எண்ணெய் உலைக்குள் போய் ஜாப்பைக் கெடுக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடப்பவை. சோதனையும் வேறு, வைத்தியமும் வேறு. பல யூனிட்களில் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, எண்ணெயையும் பம்பையும் மாற்றிச் செலவு செய்துவிட்டு, அடுத்த மாதமே அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் வேக்குவம் ஃபர்னஸ் பராமரிப்பில் இருந்தவன் நான், கடைசி ஏழு வருடம் நம் மாவட்டத்தில்தான். எண்ணெய் வெளுத்தது என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் பம்ப் குற்றவாளி இல்லை. தண்ணீர் எங்கிருந்தோ பம்புக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர் ஏன் எண்ணெயில் தங்குகிறது என்பதைப் பார்ப்போம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். ரோட்டரி பம்ப் உள்ளே வரும் வாயுவை அமுக்கி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் தாண்டியதும் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து வெளியே தள்ளுகிறது. காற்று என்றால் எவ்வளவு அமுக்கினாலும் காற்றாகவே இருக்கும். நீராவி அப்படி இல்லை. பம்ப் 70 டிகிரி சூட்டில் ஓடினால், நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 310 மில்லிபாரைத் தொட்டதுமே அது தண்ணீராக மாறிவிடும். வால்வு திறக்க 1000 மில்லிபாருக்கு மேல் வேண்டும். அதற்குள் ஆவி முழுதும் தண்ணீராகி எண்ணெயில் இறங்கிவிட்டது. பம்ப் இன்னும் சூடேறாமல் 40 டிகிரியில் இருந்தால் 74 மில்லிபாரிலேயே தண்ணீராகிவிடும். காலையில் ஸ்விட்ச் போட்ட உடனே உலையை இழுக்க (அதன் காற்றை வெளியேற்ற) ஆரம்பிக்கிற வழக்கம் எவ்வளவு கெடுதல் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரியும்.

இதற்கு வைத்தியம் 1935-லேயே வந்துவிட்டது. வோல்ஃப்காங் கேடே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டுபிடித்த கேஸ் பேலஸ்ட். அமுக்குகிற அறைக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை வேண்டுமென்றே விடுவது. காற்றும் ஆவியும் சேர்ந்து 1000 மில்லிபாரை எட்டி வால்வு திறக்கும்போது, ஆவியின் பங்கு தண்ணீராகிற அளவை இன்னும் தொட்டிருக்காது. ஆகவே அது ஆவியாகவே வெளியேறிவிடும். உங்கள் பம்பின் பக்கவாட்டில் திருகு போலவோ சிறிய வால்வு போலவோ ஒன்று இருக்கும். பழைய மெஷின் என்பதால் அது அடைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது 'இதைத் திறந்தால் வேக்குவம் குறைகிறது' என்று யாராவது நிரந்தரமாக மூடி வைத்திருக்கலாம். குறையும், உண்மைதான். பேலஸ்ட் திறந்திருக்கும்போது பம்ப் தன் கடைசி வேக்குவத்துக்குப் போகாது, எண்ணெயும் கொஞ்சம் கூடுதலாகப் புகையாகப் போகும். அதனால்தான் அதை எப்போதும் திறந்து வைப்பதில்லை, தேவைப்படும் நேரத்தில் திறந்து மூடுகிறோம்.

தண்ணீர் எவ்வளவு இருந்தால் தொந்தரவு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிராம் தண்ணீர் 30 டிகிரியில் 0.1 மில்லிபார் அழுத்தத்தில் ஆவியானால் கிட்டத்தட்ட 14 கன மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, என்றால் 70 கன மீட்டர். மணிக்கு 150 கன மீட்டர் இழுக்கிற ரோட்டரி பம்ப் தனியாக அதை முடிக்க அரை மணி நேரம் வேண்டும். உங்கள் உலை இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குப் போனதற்கு, சுவரில் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று தேக்கரண்டி தண்ணீரே போதும். ஓட்டை இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். பம்ப் சூடாக இருக்கும்போதே அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்துவிட்டால் அது காற்று நுரை, தண்ணீர் இல்லை. அப்படியானால் எண்ணெய் மட்டம், ஷாஃப்ட் சீல் பக்கம் பாருங்கள். வெண்மை நிற்கிறதென்றால் இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்தால் சந்தேகமே வேண்டாம். பிரியவில்லை என்பதற்காகத் தண்ணீர் இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது, சில எண்ணெய்கள் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஹாட் பிளேட்டை 150 டிகிரி அளவில் வைத்து, முகத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பொரியாமல் புகைந்தால், இந்தச் சோதனையில் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இல்லை.

நிறம் இன்னும் கொஞ்சம் சொல்லும். வெண்மை என்றால் தண்ணீர். கருகிய வாசனையோடு அடர் பழுப்பு என்றால் பம்ப் மிஞ்சிச் சூடாகிறது, கூலிங் வாட்டர் சரியாகப் போகவில்லை. கறுப்பாக, விரலில் தேய்த்தால் மை போல ஒட்டினால், உலைக்குள் சூட்டைக் காக்கும் கிராஃபைட் ஃபெல்ட்டிலிருந்து வருகிற தூளோ, ஜாப்பில் ஒட்டியிருந்த கட்டிங் ஆயில் கருகியதோ, பிரேசிங் பேஸ்ட்டைப் பிடித்து வைக்கும் பசையான பைண்டரோ. பிரேசிங் செய்கிறீர்கள் என்பதால் இந்தக் கடைசியை மனதில் வையுங்கள். பைண்டர் எரிந்து வெளியேறும் கட்டத்தில் சூட்டை மெதுவாக ஏற்றினால் அதில் பெரும் பங்கு குழாயிலேயே படிந்துவிடும், பம்புக்கு வருவது குறையும். அப்புறம் அந்தக் குழாயை நீங்கள்தான் திறந்து துடைக்க வேண்டும்.

அடுத்தது முக்கியமான சோதனை. பம்ப் நல்லதா கெட்டதா என்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. எண்ணெயைச் சூடாக வடித்து, புதிது ஊற்றி, பேலஸ்ட்டைத் திறந்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு உலைக்குப் போகும் ரஃபிங் வால்வையும் டிஃப்யூஷன் பம்புக்குப் போகும் ஃபோர்லைன் வால்வையும் மூடி, பேலஸ்ட்டையும் மூடி, பம்பின் வாயருகே கேஜ் வைத்து, அது தனியாக எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முடிந்தால் வால்வை நம்பாமல் வாயில் பிளாங்க் ஃபிளாஞ்ச் (துளையில்லாத மூடித் தட்டு) போட்டே பாருங்கள், ஏனென்றால் வால்வு சீட்டே ஒழுகலாம். ஒற்றை நிலை பிஸ்டன் பம்ப் என்றால் 0.02, 0.03 மில்லிபார் அளவுக்கு வந்தாலே நல்ல பம்ப். பம்போடு வந்த தாளில் போட்டிருக்கும் எண்ணோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே வந்துவிட்டால் உங்கள் மெக்கானிக் சொன்னது தவறு, புதுப் பம்புக்கான பணத்தை நிறுத்தி வையுங்கள். வராமல், இரண்டு முறை எண்ணெய் மாற்றியும் 0.5-லேயே நின்றால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போதும் முதலில் எக்ஸாஸ்ட் வால்வுத் தட்டுகளையும் ஷாஃப்ட் சீலையும் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓடிய பம்பில் முதலில் துருப்பிடித்துக் கெடுவது அந்தத் தட்டுகள்தான், முழுப் பம்பும் தேய்வது அதற்கு வெகுநாள் கழித்து.

கேஜ் பற்றி ஒரு வார்த்தை. சூடான இழை எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை வைத்து அழுத்தம் காட்டுவது பிரானி கேஜ், அந்த இழையில் எண்ணெய் படிந்தால் தப்பாகக் காட்டும். எத்தனையோ 'வேக்குவம் வரவில்லை' புகார் கேஜ் ட்யூபைச் சுத்தம் செய்ததில் முடிந்திருக்கிறது. உங்களிடம் பழைய மெக்லியோட் கேஜ் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது வாயுவை அமுக்கி அளப்பதால் நீராவியும் எண்ணெய் ஆவியும் அதில் திரவமாகிவிடும், காற்றின் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். பிரானி எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டு, மெக்லியோட் 0.03 என்றும் பிரானி 0.5 என்றும் சொன்னால், நடுவிலுள்ள வித்தியாசம் முழுவதும் ஆவி. ஓட்டை தேடி அலைய வேண்டாம், ஈரத்தைத் தேடுங்கள்.

பம்ப் நல்லது என்று வைத்துக்கொண்டு உலைக்கு வருவோம். நீங்கள் மே கடைசியில் ஆரம்பித்தது என்று எழுதியதைப் படித்ததுமே எனக்கு முதல் சந்தேகம் உங்கள் சில்லர் (உலைக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் மெஷின்) மேல்தான். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஆரம்பிக்கும் தென்மேற்கு, அக்டோபரில் வரும் வடகிழக்கு. மாசி, பங்குனியைத் தவிர்த்தால் காற்றில் ஈரம் குறைகிற மாதம் குறைவு. 29 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிப்புள்ளி 25 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது வியர்த்துவிடும், பானை வியர்ப்பது போலத்தான். உங்கள் சில்லர் 18 அல்லது 20 டிகிரியில் தண்ணீரை உலைச் சுவரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, லோட் எடுக்கக் கதவைத் திறந்து அரை மணி நேரம் அப்படியே விட்டால், உலையின் உட்சுவர் முழுக்க வியர்த்துத் தண்ணீர் இறங்கும். கிராஃபைட் ஃபெல்ட் அதையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த சைக்கிளில் அதெல்லாம் உங்கள் பம்பைத் தேடி வரும்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். கதவைத் திறந்தால் உள்ளே வருகிற காற்றிலேயே தண்ணீர் இருக்கிறதே, அது போதாதா என்று. 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் இருக்கும், சின்ன அளவு இல்லை. ஆனால் அது காற்றோடு காற்றாகப் பம்புக்கு வருகிறது, கூட வரும் காற்றே பேலஸ்ட் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் பெரும்பகுதி வெளியே போய்விடும். தொந்தரவு கொடுப்பது காற்றெல்லாம் போன பிறகு சுவரிலிருந்தும் ஃபெல்ட்டிலிருந்தும் தனியாகக் கிளம்புகிற ஆவி. அப்போது அதோடு வரக் காற்று இல்லை. அதனால்தான் பேலஸ்ட்டை இழுவையின் நடுக்கட்டத்தில் திறந்திருக்கச் சொல்கிறோம்.

சில்லருக்கு வைத்தியம் செலவில்லாதது. கதவைத் திறப்பதற்கு முன் தண்ணீரின் வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். உங்கள் சில்லரில் அந்த வசதி இல்லையென்றால், உலை நன்றாகக் குளிர்ந்த பிறகு கதவு திறந்திருக்கும் நேரத்தில் ஜாக்கெட்டுக்குப் போகும் ஓட்டத்தை மட்டும் குறையுங்கள். உலை சூடாக இருக்கும்போது கூலிங் வாட்டரில் கை வைக்கவே கூடாது. லோட் எடுத்ததும் கதவைச் சாத்தி, இரவில் வெறும் உலையை வேக்குவத்திலோ உலர் நைட்ரஜனிலோ வையுங்கள். சனிக்கிழமை மாலை கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திங்கள் காலை வருகிற பழக்கம் இருந்தால், எண்ணெய் வெளுப்பதற்கு அது ஒன்றே போதும்.

அடுத்த சந்தேகம் எக்ஸாஸ்ட் குழாய். மூன்று வருடத்துக்கு முன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு யூனிட்டில் இதே புகார். ஹீலியம் லீக் டிடெக்டர் வரைக்கும் வாடகைக்கு எடுத்துத் தேடினோம், உலையில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள் அங்கே வேலை செய்த பையன், "மழ பெய்தாத்தான் அண்ணே எண்ண வெளுக்கு" என்றான். அதை நான் முதல் நாளே அவனிடம் கேட்டிருக்க வேண்டும். பம்பின் எக்ஸாஸ்ட் குழாய் நேராக மேலே போய்க் கூரையைத் தாண்டி நின்றது. தலையில் தொப்பி இல்லை. மழைத் தண்ணீர் நேராகப் பம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொப்பி போட்டோம், பாதி சரியானது. மீதிப் பாதி இன்னும் நுணுக்கமானது. பம்ப் கஷ்டப்பட்டு வெளியே தள்ளிய நீராவி, குளிர்ந்த ஜிஐ குழாயில் ஏறும்போது தண்ணீராகி, அதே குழாய் வழியே திரும்பவும் பம்புக்கே வந்தது. பேலஸ்ட்டை எவ்வளவு நேரம் திறந்தாலும் பயனில்லாமல் போனது அதனால்தான். பம்பை விட்டு வெளியே வரும் குழாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரித்து, அடியில் வடிகுழாயோடு ஒரு சேகரிப்புப் பாத்திரம் வைத்து, அங்கிருந்து மேலே ஏற்றினோம். வாரம் ஒருமுறை அதைத் திறந்தால் கால் லிட்டர் தண்ணீர் வந்தது. எண்ணெய் அதன்பின் தெளிவாகவே இருந்தது. உங்கள் எக்ஸாஸ்ட் எப்படிப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்றே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, நிஜமான தண்ணீர் ஒழுக்கு. வாட்டர் ஜாக்கெட் வெல்டிங், பவர் ஃபீட்த்ரூ (மின்சாரம் உலைக்குள் நுழையும் இடம்), குவென்ச் (வேகமாகக் குளிர்விக்கும்) ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். இதில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒவ்வொரு குவென்ச்சிலும் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வாங்குவதால் முதலில் அதைத்தான் நான் சந்தேகப்படுவேன். இதற்கு லீக்-அப் சோதனை, அதாவது மூடிய உலையில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்ற சோதனை, செய்யுங்கள். உலையைக் காலியாக ஒருமுறை சூடேற்றி ஈரத்தை விரட்டி, குளிரவைத்து, நன்றாக இழுத்து, எல்லா வால்வையும் மூடிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்து வரைபடமாகப் போடுங்கள். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் வெளியிலிருந்து ஏதோ வருகிறது. முதலில் வேகமாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரமோ எண்ணெயோ ஆவியாகிறது. மணிக்கு 10 மைக்ரான், அதாவது 0.013 மில்லிபார், என்பது பல யூனிட்களில் வைத்திருக்கும் எல்லை. பிரேசிங் செய்பவர்கள் அதிலும் பாதிக்கு ஆசைப்படுவது நல்லது. பிறகு குளிர்ந்த உலையில் ஜாக்கெட் தண்ணீரை வடித்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வேறுபட்டால் ஒழுக்கு தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே மாதிரி இருந்தால் தண்ணீர்ப் பக்கம் சுத்தம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, பெரும்பாலும் சுத்தம் என்று மட்டும் சொல்லலாம்.

காற்று ஒழுக்கு என்றால் கதவு ஓ-ரிங்கில் (சீல் செய்யும் ரப்பர் வளையம்) தொடங்குங்கள். கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது, ஃபிளாஞ்ச் முகத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக அரித்திருக்கும். கைவிரல் நகத்தால் தடவினால் தெரியும். பிரானியைப் பார்த்துக்கொண்டே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சந்தேகமுள்ள இடத்தில் தூரிகையால் தொட்டு வைத்தால், ஓட்டை உள்ள இடத்தில் முள் துள்ளும். அசிட்டோன் வேண்டாம், அது விட்டான் ரப்பர் ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும். எதுவானாலும் உலை குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான், பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது.

எந்த எண்ணெய் என்று கேட்டீர்கள். பம்ப் தயாரிப்பாளர் சொன்ன பாகுநிலையில், வேக்குவம் பம்ப் ஆயில் என்றே விற்கப்படுவது எதுவானாலும் சரி. பெரும்பாலும் 68 அல்லது 100 கிரேடாக இருக்கும். பிராண்டை மாற்றி இந்தப் பிரச்சினை தீராது. ஹைட்ராலிக் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ மட்டும் ஊற்றிவிடாதீர்கள். எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரியவிடாமல் கரைத்துப் பிடித்துக்கொள்ளும், அதன் ஆவியும் வேக்குவத்தைக் கெடுக்கும். மாற்றும்போது சூடாக வடியுங்கள், புதிய எண்ணெயில் அரை மணி நேரம் ஓட்டி மறுபடி வடியுங்கள், அதற்குப் பிறகு நிரந்தர எண்ணெயை ஊற்றுங்கள். நீங்கள் மூன்று முறை மாற்றியும் வெளுத்ததற்கு, பழைய எண்ணெயின் மீதி உள்ளே தங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். டீசலோ மண்ணெண்ணெயோ விட்டுக் கழுவாதீர்கள், உள்ளே தங்குவது மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். தினமும் உலையோடு இணைப்பதற்கு முன் பேலஸ்ட் திறந்து இருபது, முப்பது நிமிடம், வேலை முடிந்த பின் அதே போல அரை மணி நேரம். லேசாக வெளுத்த எண்ணெய் இப்படி ஓட்டினாலே திரும்பத் தெளிந்துவிடுவதும் உண்டு.

இனி எதிர்த்திசை, எண்ணெய் உலைக்குள் போவது. ஜாப் பழுப்பாவதற்கு இது காரணமா என்பதை நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. நீலமும் வைக்கோல் நிறமும் ஆக்சைடு, தண்ணீராலோ காற்றாலோ வருவது. ஸ்டெயின்லெஸ்ஸில் பச்சை கலந்தால் குரோமியம் ஆக்சைடு. துணியால் துடைத்தால் கறுப்பாக வருகிற படிவு எண்ணெய் சிதைந்த கரி. பழுப்பு இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பிரித்தறிய, சுத்தமாகக் கழுவிய ஸ்டெயின்லெஸ் தகட்டுத் துண்டை லோட் இல்லாமல் தனியாக உள்ளே வைத்து 1000 டிகிரி வரை ஒரு சைக்கிள் ஓட்டுங்கள். தகடு பளிச்சென்று வந்தால் அழுக்கு உங்கள் ஜாப்போடு வருகிறது, கழுவும் தொட்டியைக் கவனியுங்கள். தகடும் நிறம் மாறினால் உலையில் இருக்கிறது. அப்புறம் குளிர்ந்த உலையில் ரஃபிங் குழாய் சேரும் இடத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நைட்ரஜன் நிரப்பிய உலை என்றால், தலையை உள்ளே நீட்டுவதற்கு முன் கதவைத் திறந்து காற்று நன்றாகப் போகவிட்டு, ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான், கூட ஒருவர் நிற்க வேண்டும். நைட்ரஜனுக்கு மணம் இல்லை, மயக்கம் வருவது தெரியாமலே ஆளை விழவைத்துவிடும்.

துணியில் எண்ணெய் வந்தால் வழிகள் மூன்று நான்குதான். வேக்குவத்தில் இருக்கும்போது மின்சாரம் போய் பம்ப் நின்றால், வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயைத் தள்ளிக் குழாயில் ஏற்றிவிடும். பம்ப் நின்ற கணத்தில் உலைப் பக்கத்தை மூடி, பம்ப் பக்கத்துக்குக் காற்று விடுகிற வால்வு இருக்க வேண்டும், அதைச் சோதியுங்கள். பழைய மெஷின்களில் அதன் மின்சுருள் (காயில்) எரிந்து போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடிக் காற்றில் லைன் அடிக்கடி போகிற நம் ஊரில் இதை மாதம் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். இன்னொன்று, பேனலில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் பேஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சில நொடியிலேயே எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். எந்த மின்வேலைக்குப் பிறகும் சுற்றும் திசையைப் பார்த்துவிட்டே உலையோடு இணையுங்கள். மூன்றாவது, ரோட்டரி பம்ப் மட்டும் இணைந்த நிலையில் 0.1 மில்லிபாருக்குக் கீழே மணிக்கணக்கில் நிற்பது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஆவியை எதிர்த்துத் தள்ள வாயு ஓட்டம் இருக்காது, ஆவி பின்னோக்கி நகரும். உங்கள் உலை ஒரு மணி நேரம் அந்த எல்லையில் தத்தளிக்கிறது என்றால், ஈரப் பிரச்சினையே எண்ணெய்ப் பிரச்சினையையும் கொண்டுவந்திருக்கலாம். இது என் ஊகம், ஆனால் வலுவான ஊகம். டிஃப்யூஷன் பம்புக்கு மாற்றும் அழுத்தம் வராமலே அவசரப்பட்டு ஹை-வேக் வால்வை (உலைக்கும் டிஃப்யூஷன் பம்புக்கும் நடுவிலுள்ளது) திறந்திருந்தால், அதன் எண்ணெயும் உலைக்குள் வந்திருக்கும். அந்த பம்பைத் திறந்து பார்க்க நினைத்தால் முழுதும் குளிரவிடுங்கள். சூடான கனிம எண்ணெய் மேல் காற்று பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

வரிசை என்று கேட்டால்: இன்று எக்ஸாஸ்ட் குழாயும் சில்லர் வெப்பமும், நாளை எண்ணெய் மாற்றிப் பம்பைத் தனியாகச் சோதிப்பது, ஞாயிறு லீக்-அப். பம்ப் தனியாக எவ்வளவு இறங்கியது, லீக்-அப் கோடு நேரா வளைவா, எக்ஸாஸ்ட் எப்படிப் போகிறது என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள், அதற்கு மேல் குறிப்பாகச் சொல்ல முடியும். வடித்த எண்ணெயைக் குளத்துப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டவிடாதீர்கள். அபாயக் கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு, டிரம்மில் மூடிவைத்துப் பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். காட்மியமோ துத்தநாகமோ முலாம் பூசிய ஜாப் எப்போதாவது உங்கள் உலையில் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். காட்மியம் நச்சு என்பதால், அப்படிப் போயிருந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்த எண்ணெயையும் குழாயின் படிவையும் யாரும் தொடக் கூடாது.